செம்பனைத் தோட்டத்தில் மூன்று சுவிட்சுகளுக்கு ரூட் பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், அலுவலகம், லாரிகளை எடை போடும் மேடை, பொருள் கிடங்கு ஆகிய மூன்றின் நெட்வொர்க் சுவிட்சுகளையும் (கணினிகளைக் கேபிள்வழி இணைக்கும் பெட்டிகள்) முக்கோணமாக இணைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு கேபிள் அறுந்தாலும், குலை ஏற்றிவரும் லாரிகளுக்கு எடைச் சீட்டு தடைபடக் கூடாது என்பதே நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. முக்கோணம் என்றாலே வளையம்தான். ஈதர்நெட்டில் தரவு செல்லும் பொட்டலமான ஃபிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது என்பதால், வளையத்தில் சிக்கிய பிராட்காஸ்ட் (எல்லோருக்குமாக அனுப்பப்படும் ஃபிரேம்) ஓயாமல் சுற்றிப் பெருகி முழு நெட்வொர்க்கையும் முடக்கிவிடும். இதைத் தடுக்கவே ராடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பேனிங் ட்ரீ முறையை வகுத்தார். இம்முறையில் ஒரு சுவிட்ச் ரூட் பிரிட்ஜ், அதாவது மையம், ஆகும்; மற்றவை அதை அடையச் செலவு குறைந்த வழியை வைத்துக்கொள்ள, மிஞ்சும் போர்ட் (கேபிள் செருகும் துளை) அடைபட்டு வளையம் அறுபடும்.

சுவிட்சுகளை இயக்கியதும் வளையம் ஏற்படவில்லை. ஆனால், எந்தப் போர்ட் அடைபட்டிருக்கிறது என்று பார்த்தபோது, அலுவலகத்துக்கும் எடை மேடைக்கும் இடையிலான ஜிகாபிட் இணைப்பே அடைபட்டிருந்தது! பிரியாரிட்டி எண் மிகச் சிறியதாக உள்ள சுவிட்சே ரூட் ஆகும்; அது சமமானால் மேக் முகவரி (சாதனத்தின் வன்பொருள் எண்) பார்க்கப்படும். மூன்றிலும் பிரியாரிட்டி 32768 என்றே இருந்ததால், மேக் முகவரி மிகச் சிறியதாக இருந்த கிடங்கின் பழைய சுவிட்ச் ரூட் பிரிட்ஜ் ஆகியிருந்தது. அதனுடன் மற்ற இரண்டையும் இணைத்தவை 100 எம்பிபிஎஸ் இணைப்புகள். இணைப்பின் வேகம் குறைந்தால் ஸ்பேனிங் ட்ரீ கணக்கில் செலவு கூடும்; இவை ஒவ்வொன்றின் செலவு 19. ஜிகாபிட் இணைப்பின் செலவு 4தான் என்றாலும், அவ்வழியே சுற்றிக் கிடங்கை அடைய 23 ஆகும் என்பதால், இரு சுவிட்சுகளும் கிடங்கை நோக்கிய போர்ட்டையே ரூட் போர்ட்டாக, அதாவது ரூட்டை அடையும் வாயிலாக, கொண்டன. இத்தனைக்கும் ஸ்பேனிங் ட்ரீ தன் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தது. ரூட் எதுவென்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகச் சுவிட்சுக்கு 4096, எடை மேடைக்கு 8192 என்று பிரியாரிட்டி கொடுத்தேன். அலுவலகம் ரூட் ஆனது. அதன் போர்ட்டுகள் எல்லாம் டெசிக்னேட்டட் (அந்தந்தக் கேபிளில் தரவை அனுப்பும் பொறுப்புள்ளவை) ஆயின. எடை மேடையிலிருந்து ரூட்டுக்குச் செலவு 4, கிடங்கிலிருந்து 19. ஆகவே அவ்விரண்டையும் இணைக்கும் கேபிளில் எடை மேடையின் முனை டெசிக்னேட்டட், கிடங்கின் முனை ஆல்டர்னேட் (அடைபட்டு மாற்று வழியாகக் காத்திருப்பது) என்று அமைந்தது. அடைபட வேண்டிய இடம் அதுதான்.

பிறகு, இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போதே அலுவலகத்திலிருந்து கிடங்குக்குச் செல்லும் கேபிளைக் கழற்றினேன். கிடங்கின் ஆல்டர்னேட் போர்ட் உடனே ரூட் போர்ட்டாக மாறி வேலையைத் தொடர்ந்தது. பழைய ஸ்பேனிங் ட்ரீ முறையாக இருந்தால் 30 முதல் 50 விநாடி வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். எல்லாச் சுவிட்சுகளிலும் ரேப்பிட் ஸ்பேனிங் ட்ரீ என்ற விரைவு முறையை இயக்கியிருந்ததன் பயன் இது.

கடைசியாக, கணினியும் பிரிண்டரும் செருகும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட்டுகளாக்கி (வேறு சுவிட்ச் இணையாத விளிம்பு முனைகள்), பிபிடியு கார்டு என்ற காவலையும் இயக்கினேன். பிபிடியு என்பது சுவிட்சுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் ஸ்பேனிங் ட்ரீ செய்தி. வேறொரு சுவிட்சை யாராவது அங்கே கொண்டுவந்து செருகினால், அதன் முதல் பிபிடியு வந்ததுமே அந்தப் போர்ட் மூடிக்கொள்ளும்.