முன்வாசலைப் பூட்டினேன், கொல்லைக் கதவு திறந்து கிடந்தது

நேர்முகத் தேர்வு ஒன்றுக்காக, ஜிஆர்பிசி (ஒரு நிரல் வேறொரு சர்வரில் உள்ள ஃபங்ஷன்களை, அதாவது மெத்தடுகளை, அழைக்கும் முறை) சேவைக்கு, அழைப்பவர் யார் என்று காட்டும் ரகசியச் சரமான ஏபிஐ சாவியைச் சரிபார்க்கும் மிடில்வேரை (அழைப்புக்கும் மெத்தடுக்கும் இடையே ஓடும் நிரலை) கோ மொழியில் எழுதிப் பழகினேன். ஜிஆர்பிசியில் இதற்கு இன்டர்செப்டர் என்று பெயர். அழைப்போடு சேர்ந்து வரும் கூடுதல் தகவலான மெட்டாடேட்டாவிலிருந்து சாவியை எடுத்துச் சரிபார்த்து, தவறென்றால் அழைப்பை அங்கேயே திருப்பிவிட வேண்டும். ஒரு கேள்வி, ஒரு பதில் என்ற யூனரி வகை அழைப்புகளுக்கான இன்டர்செப்டரை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டேன். பாதுகாப்பு வந்துவிட்டது என்று முழுமனதாக நம்பினேன்.

சாவியே இல்லாமல் ஒவ்வொரு மெத்தடையும் அழைத்துப் பார்த்த அன்றுதான் திடுக்கிட்டேன். ஒரே அழைப்பில் பல செய்திகள் தொடர்ந்து ஓடும் ஸ்ட்ரீம் வகை மெத்தடுகள் எல்லாம் கேள்வியே இல்லாமல் தரவை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தன. யூனரிக்கும் ஸ்ட்ரீமுக்கும் இன்டர்செப்டரைத் தனித்தனியே பதிய வேண்டும். ஒன்றை மறந்தால் கம்பைலர் எச்சரிக்காது.

எனவே, இதைப் படிப்பவர்களே, சோதனையை மறுக்கப்பட வேண்டிய அழைப்புகளிலிருந்து தொடங்குங்கள்: சாவி இல்லாமல், வெற்றுச் சாவியோடு, ரத்து செய்த சாவியோடு. மெத்தடுகளின் பட்டியலைக் கையால் எழுத வேண்டாம். சர்வரின் 'கெட்சர்வீஸ்இன்ஃபோ' தரும் பட்டியலையே எடுத்துச் சோதியுங்கள். நாளை ஒருவர் புதிய மெத்தட் சேர்த்தாலும் அதுவும் சோதனைக்குள் வந்துவிடும். சரிபார்ப்பை ஒரே ஃபங்ஷனில் வைத்து, இரண்டு இன்டர்செப்டர்களும் அதையே அழைக்கட்டும். ஹெல்த் செக் (சர்வர் இயங்குகிறதா என்று பார்க்கும் அழைப்பு) போன்று சாவி கேட்காத விலக்குகளுக்கு மெத்தடின் முழுப் பெயரைக் கொடுங்கள்.

தேர்வில் என்னிடம் கேட்டது பிழைக் குறியீடுகளைப் பற்றி. சாவி இல்லை அல்லது செல்லாது என்றால் 'அன்ஆத்தென்டிகேட்டட்', எண் 16. சாவி சரி, ஆனால் அந்த மெத்தடுக்கு உரிமை இல்லை என்றால் 'பெர்மிஷன் டினைட்', எண் 7. எச்டிடிபியில் (வலைத்தளங்கள் பயன்படுத்தும் நெறிமுறையில்) 'அன்ஆத்தென்டிகேட்டட்' என்பதற்கு நிகரான 401-க்கு, உரிமை இல்லை என்று பொருள்படும் 'அன்ஆத்தரைஸ்டு' என்று பெயர் இருப்பதால் பலர் இங்கே தடுமாறுகிறார்கள்.

சாவியைச் சேமிப்பதிலும் ஒரு தவறு செய்தேன். கடவுச்சொல்லுக்குப் படித்த பாடத்தை அப்படியே கொண்டுவந்து பிக்ரிப்ட் என்ற ஹாஷ் முறையை (மூலத்தைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றும் முறையை) போட்டேன். ஒவ்வொரு அழைப்பும் இழுத்துக்கொண்டு நின்றது. பிக்ரிப்ட் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவது, மனிதர் யோசித்து வைக்கும் சொற்களை ஊகித்துவிடலாம் என்பதற்காக. சர்வரே தற்போக்காக உருவாக்கும் 32 பைட் சாவியை யாராலும் ஊகிக்க முடியாது. அதற்கு வேகமான ஹாஷ் முறையான எஸ்எச்ஏ-256 போதும். அந்த ஹாஷை மட்டும் சேமியுங்கள். உண்மையான சாவியை உருவாக்கும்போது ஒரே ஒருமுறை பயனருக்குக் காட்டுங்கள். லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) சாவியும் அடங்கிய மெட்டாடேட்டாவை முழுதாக எழுதும் வரி எங்காவது இருந்தால், அதை இன்றே நீக்கிவிடுங்கள்.