பள்ளி வாசலில் 50 மீட்டர்

தண்டையார்பேட்டையில் மகள் படிக்கும் பள்ளியில் இன்று பெற்றோர் கூட்டம். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டுவிட்டதைச் சொன்னேன். பலருக்கும் அது புதுச் செய்தி. வாசலைத் தாண்டினாலே கலர் கலராகப் பாக்கெட் சரம் தொங்குகிறது. கடைக்கார அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிழைப்பு. சுண்டல், வேர்க்கடலை, கொய்யா விற்க அவருக்கு மாநகராட்சி கைகொடுக்கட்டும்.

ஒரு 10 ரூபாய் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன். மடிப்புக்குள் பொடி எழுத்தில் சோடியம் இத்தனை மில்லிகிராம். சமையல் அவசரத்தில் அதை உப்புக் கணக்காக மாற்றிப் பார்க்க யாரால் முடியும்?

சிலி நாட்டில் 2016 முதல் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கருப்பு எண்கோண முத்திரை: ‘சர்க்கரை அதிகம்’, ‘உப்பு அதிகம்’. கூடவே விளம்பரக் கட்டுப்பாடு, பள்ளிகளில் விற்பனைத் தடை. அப்புறம் செய்த ஆய்வில், இனிப்பு பானங்கள் வாங்குவது ஏறக்குறைய கால்வாசி குறைந்திருந்தது. இங்கே, 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள ஓட்டல்கள் மெனுவில் கலோரி போட வேண்டும். சரி, நல்லதுதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் தின்பது பள்ளி வாசலில்.

பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-லேயே மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்ட ஊர் இது. 50 மீட்டர் விதியை நடைமுறைப்படுத்தக் கேட்டு மனு எழுதுகிறோம். பக்கத்துப் பள்ளிகளின் பெற்றோரும் கையெழுத்துப் போட வாருங்கள்.