நெட் தேர்வில் கருவுறுதல்: பெயரைப் படிக்காதீர்கள், அம்புக்குறியைப் படியுங்கள்

முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. மூன்றாவது முயற்சியில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியலில் தேறிவிட்டேன். முந்தைய இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது ஐந்தாம் அலகான வளர்ச்சி உயிரியல்தான்; கருவுறுதல் அதில்தான் வருகிறது. அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

கடல் அர்ச்சினின் விந்தணுவை முட்டையில் ஒட்டவைக்கும் பைண்டின் புரதம் எல்லோருக்கும் மனப்பாடம். தாவரமும் பாசியும் வந்தால் தடுமாறுகிறோம். நானும் ஹேப்2, லூர், ஃபெரோனியா என்று கருவுறுதலில் பங்குபெறும் புரதங்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டி ஒப்பித்தவன்தான். பகுதி சி-யில் கூற்றுகளைப் பொருத்தும்போது அந்தப் பட்டியல் கைகொடுக்கவே இல்லை. நான்கு மதிப்பெண் கிடைக்காததோடு ஒன்று கழிந்தும் போனது.

மூன்றாம் முறை ஒவ்வொரு மூலக்கூறிடமும் மூன்று கேள்விதான் கேட்டு, விடையை ஓர் அம்புக்குறியாக்கினேன். யார் சுரப்பது? யார் பெறுவது? எவ்வளவு தொலைவிலிருந்து?

கிளாமிடோமோனாஸ் ரெய்ன்ஹார்ட்டி என்ற ஒருசெல் பச்சைப் பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் தீர்ந்தால் கேமீட்டுகள் (பாலணுக்கள்) உருவாகின்றன. கசையிழைகளில் உள்ள அக்ளூட்டினின் என்ற ஒட்டும் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி உயர்கிறது, செல்சுவர் கழல்கிறது. கேமீட்டுகள் உருவான பிறகு எல்லாமே தொடுகையால் நடப்பவை. செல்கள் இணைய வேண்டிய புரதங்களில் ஃபஸ்1 பிளஸ் பால்வகையில், ஹேப்2 மைனஸ் பால்வகையில். நான் மாற்றி எழுதியது இதைத்தான். அராபிடாப்சிஸ் என்ற சிறு பூச்செடியில் ஹேப்2 ஆண் கேமீட்டில் இருக்கிறது; முட்டை இசி1 புரதத்தை வெளியிட்ட பிறகே அது செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது.

தொலைவிலிருந்து வேலை செய்பவை:
- பெரணி: மாலிக் அமிலம். 1884-இல் ஃபெஃபர் நுண்குழாயில் வைத்துக் காட்டியது.
- வால்வாக்ஸ் (பச்சைப் பாசி): பாலினப்பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் கிளைக்கோபுரதத் தூண்டி, மிகமிகக் குறைந்த செறிவிலேயே வேலை செய்யும். வெப்ப அதிர்ச்சியிலும் சுரக்கும்.
- பழுப்புப் பாசி: எக்டோகார்பீன். இதைப் பச்சைப் பாசியில் சேர்க்காதீர்கள்.

டொரீனியா என்ற பூச்செடிக்கு ஒரு மாலை முழுவதும் கொடுங்கள். அதன் கருப்பை (முட்டை செல் இருக்கும் பை) சூலுக்கு வெளியே நீண்டு நிற்கும். அதனால்தான் ஜப்பானிய ஆய்வாளர் ஹிகாஷியாமா குழுவினரால் 2001-இல் லேசரால் ஒவ்வொரு செல்லாகக் கொன்று பார்க்க முடிந்தது. முட்டையைக் கொன்றாலும் மகரந்தக்குழாய் வந்தது. முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் துணைச்செல்களான இரண்டு சினர்ஜிட்களையும் கொன்றபோது வரவில்லை. ஒன்று உயிரோடிருந்தாலே போதும். அந்த அழைப்புப் புரதங்களான லூர்கள் 2009-இல் பிடிபட்டன. இந்தச் சோதனையைப் படித்த அன்றுதான் இந்தப் பாடத்தின் மேல் எனக்கு உண்மையான ஆசை வந்தது.

குழாய் வந்து சேர்ந்ததும் அதை வெடிக்கச் செய்யும் செய்தி வேறு. அதற்கு சினர்ஜிட்டின் ஃபெரோனியா ஏற்பி வேண்டும். அது பழுதானால் குழாய் வெடிக்காமல் உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். வரவழைப்பது லூர், வெடிக்க வைப்பது ஃபெரோனியா. தேர்வுக்கு முந்தைய இரவு இவ்விரண்டு அம்புக்குறிகளை மட்டும் வரைந்துவிட்டு விளக்கை அணைத்தேன்.