இரண்டாவது துண்டை ஃபார்மலினில் போட விடாதீர்கள்

எனக்கு வந்திருப்பது பெம்ஃபிகஸ் வல்காரிஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கிக் கொப்புளம் வரவைக்கும் நோய். இந்தப் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

முதலில் வெறும் வாய்ப்புண். மன்னார்குடியில் காட்டிய இடத்திலெல்லாம் உடம்புச் சூடு என்று பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள். வீட்டில் மணத்தக்காளிக் கீரை. ஆறவே இல்லை. சில மாதம் கழித்து முதுகிலும் மார்பிலும் தொளதொளவென்று கொப்புளங்கள், துணி உரசினாலே உடைந்தன. அத்தை அக்கி என்று நினைத்து, குயவர் வீட்டில் காவியால் எழுத வைத்தார். அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கம் பட்டையாக வரும். எனக்கோ இரண்டு பக்கமும். அத்தை மேல் வருத்தமில்லை. மாதக்கணக்கில் ஆறாத புண்ணைப் பார்த்தும் தோல் மருத்துவரிடம் அனுப்பாத டாக்டர்கள் மேல்தான் கோபம்.

தஞ்சாவூரில் தோல் மருத்துவர் பார்த்தவுடன் சந்தேகப்பட்டார். நன்றாக இருந்த தோலை விரலால் அழுத்தித் தேய்த்தார், வழுக்கி உரிந்தது. பயாப்ஸிக்கு, அதாவது தோலில் சிறிது வெட்டியெடுத்துச் சோதிக்க, இரண்டு துண்டு எழுதினார். புதுக் கொப்புளத்தின் ஓரத்தில் எடுப்பது ஃபார்மலினுக்கு, அதாவது சாதாரண மைக்ரோஸ்கோப் சோதனைக்காகத் துண்டைப் போட்டு வைக்கும் திரவத்துக்கு. பக்கத்து நல்ல தோலில் எடுப்பது இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கு, அதாவது தோலில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனைக்கு. அதை மிஷெல் திரவத்தில் வைக்க வேண்டும், உடனே லேபுக்குப் போவதானால் சலைன் போதும். துண்டு எடுத்தவர்கள் இரண்டையும் ஒரே ஃபார்மலின் டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்! லேபில், "இதுல பார்க்க முடியாதும்மா, வேற எடுத்துட்டு வாங்க" என்றார்கள். திரும்பிப் போய்க் கேட்டால், "நாங்க எப்பவும் இப்படித்தான் போடுவோம்" என்று பதில். மறுபடி மரத்துப்போகும் ஊசி, தையல், பணம். பஸ் செலவு தனி.

அதனால் பயாப்ஸிக்குப் படுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: டப்பா இரண்டா, இரண்டாவதில் என்ன திரவம், மேலே சோதனையின் பெயர் எழுதியிருக்கிறதா? உடைந்து புண்ணான இடத்தில் எடுக்க வந்தால், புதுக் கொப்புளத்தைக் காட்டுங்கள்.

இரண்டாவது முறை தெளிவாக வந்தது. மேல்தோல் செல்களைச் சுற்றி ஐஜிஜி என்ற ஆன்டிபாடி, மீன்வலை மாதிரி. ரத்தத்தில், தோல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதங்களான டெஸ்மோக்ளீன் 1, 3 இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி. அன்றே ஸ்டீராய்டு தொடங்கினார்கள். அதை யார் பேச்சைக் கேட்டும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. இது தொற்றவே தொற்றாது. ஹாஸ்டலில் எனக்குத் தனித் தட்டு வைத்தார்கள். டாக்டரிடம் அதைச் சீட்டில் எழுதி வாங்கி வார்டனிடம் நீட்டினேன். மறுநாளே தட்டு மாறியது.