பெரும்பாக்கத்தில் டிரஸ்ட் கிளினிக்கும் பிக்மி எண்ணும்

2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்களே, அதில் என் தங்கை குடும்பமும் ஒன்று. அவள் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் பக்கத்து பிளாக்கின் தரைத்தளத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கிளினிக்குக்குத்தான் போனோம். இருபது ரூபாய் சீட்டு, லேடி டாக்டர், உட்கார நாற்காலி. எல்லாம் இங்கேயே பார்த்துக்கலாம் என்றாள் தங்கை.

கூடாது என்று சொன்னதே அங்கிருந்த சிஸ்டர்தான். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்தான் பிக்மி எண்; அது அரசுப் பதிவில்தான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் சிக்கலாகிவிடும். அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 18,000 ரூபாயும் போய்விடும்: 14,000 வங்கிக் கணக்கில், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம்.

பதியப் போனால் ஆதாரில் பழைய முகவரி. “அந்த ஏரியாவிலேயே போய்ப் பதியுங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். அங்கே வீட்டையே இடித்தாயிற்று, எந்த ஏரியாவுக்குப் போவது? கிளினிக்கின் களப்பணியாளர் அக்கா, வீட்டு ஒதுக்கீட்டு ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு கூடவே வந்த பிறகுதான் வேலை நடந்தது.

கிளினிக்கில் பார்த்தபோது தங்கையின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக்கூடாது. சத்து மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை பார்த்தால் அளவு அசையவே இல்லை. “காலி அட்டையைக் கொண்டு வாம்மா” என்றார் சிஸ்டர். தங்கை பையிலிருந்து எடுத்து வைத்த அட்டைகளில் பாதி பிரிக்கவே இல்லை. வயிறு எரிகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று பயந்து, மாமியாருக்குத் தெரியாமல் அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்திருந்தாளாம். சிஸ்டர் திட்டவில்லை. “டீ எப்போ குடிப்பே?” என்று கேட்டார். மாத்திரை போட்டதுமே டீ. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடு, எலுமிச்சை ஜூஸ் குடிக்கலாம், கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம்தான் என்றார். இதையெல்லாம் சொல்ல அந்த கிளினிக்கில் நேரம் இருந்தது. கூட்டம் அலைமோதும் இடத்தில் யார் அட்டையை எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

அப்புறமும் போதிய அளவு ஏறாததால் அரசு மருத்துவமனையில் அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். அதற்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் இதே கிளினிக்தான். பிரசவமும் அரசு மருத்துவமனையிலேயே, சுகமாக.

ஒரு சங்கடம் உண்டு. நன்கொடையாளர்கள் வரும் நாளில் போட்டோவுக்கு நிற்கச் சொல்வார்கள். தங்கை மாட்டேன் என்றுவிட்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை, மருந்தும் நிற்கவில்லை. விருப்பமில்லை என்றால் தைரியமாகச் சொல்லலாம்.

போகிறவர்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் அன்றன்றே நகல் வாங்கிவிடுங்கள். நன்கொடை நின்றால் இந்த மாதிரி கிளினிக்குகள் மூடிவிடும், ஃபைல் அவர்கள் அலமாரியில் மாட்டிக்கொள்ளும். மகப்பேறு நிதிக்கான வங்கிக் கணக்கு தாயின் பெயரில் இருக்க வேண்டும்; கணவர் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.