மூன்றாம் பரிசு கேட்ட பையன்

நம் கல்லூரி ஃபிலிம் கிளப் ஈரான் படம் போடுகிறது என்றதும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். பாட்டு இல்லை, சண்டை இல்லை, கீழே ஆங்கில எழுத்து வேறு. விடுதிப் பையன்கள் வந்தது இடைவேளை சமோசாவுக்காகத்தான். சென்னைப் புழுக்கத்தில், அரைகுறையாகச் சுற்றும் மின்விசிறிகளுக்குக் கீழே இடம் பிடிக்க ஒரு தள்ளுமுள்ளு.

படம், மஜித் மஜிதி இயக்கி 1997-இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’. டெஹ்ரானில் ஓர் ஏழைக் குடும்பம். தங்கை ஸஹ்ராவின் ஷூவைத் தைத்து வாங்கி வரும் வழியில், உருளைக்கிழங்கு வாங்க நின்ற கடையில் அலி தொலைத்துவிடுகிறான். மிச்சம் இருப்பது அவனுடைய ஒரே ஜோடி. காலைப் பள்ளிக்கு அவள் போட்டுக்கொண்டு போவாள். விட்டதும் ஓடி வந்து சந்தில் கழற்றித் தருவாள். மதியப் பள்ளிக்கு இவன் ஓடுவான்.

அப்பாவும் அம்மாவும் இருக்கும் அதே அறையில், வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் நோட்டில் எழுதி எழுதியே அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வார்கள். அந்த இடத்தில் ஹாலில் சமோசாப் பேச்சு நின்றது.

படம் முடிந்து கலந்துரையாடல். “அப்பாகிட்ட சொல்லிட்டா தீர்ந்துச்சு, ஏன் சொல்லல?” என்று அண்ணா நகர்ப் பையன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். திருவண்ணாமலைப் பக்கத்து சீனியர் ஒருவர் பின்வரிசையிலிருந்து சொன்னார்: “அடி விழும்கிறது மட்டும் இல்லப்பா. வாடகை பாக்கி, கடையில பாக்கி. சொன்னா அப்பா இன்னும் கடன் வாங்குவாரு.” அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பேராசிரியர் சர்க்கரைக் காட்சியைப் பிடித்துக்கொண்டார். மசூதிக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கும் அப்பா, தன் டீக்குச் சர்க்கரை கேட்பார். எதிரிலேயே குவிந்து கிடக்கிறதே என்றால், அது மசூதியுடையது என்பார். ஏழ்மை என்றால் பக்கம் பக்கமாக வசனம் பேசி அழவைக்கும் படங்களில் வளர்ந்த எங்களுக்கு இது புதுசு.

அப்புறம் அந்த ஓட்டப்பந்தயம். மூன்றாம் பரிசுதான் ஷூ. பையன் முதலாவதாக வந்து தொலைத்தான். ஹீரோ ஜெயித்ததற்கு அரங்கமே உச்சுக்கொட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வெளிநாட்டு மொழிப் படப் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் ஈரானியப் படம் இது. 2022-இல் சாமி இயக்கத்தில் தமிழில் ‘அக்கா குருவி’யாக வந்தபோது, எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் பழைய சண்டை மறுபடி கிளம்பியது. அப்பாவின் சைக்கிளில் புது ஷூ இருப்பதைக் காட்டிவிட்டு, பிள்ளைகள் கையில் அது சேர்வதைக் காட்டாமல் மஜிதி முடித்தது சரியா? சரி என்ற கட்சி நான். சீனியர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை: “கையில கொடுத்துட்டு முடிச்சிருக்கணும்பா!”