ஆறாவது பாரா

பத்திரிகைப் பக்கத்தில் இடம் இல்லை, அதனால் அந்தப் பாராவை வெட்டினேன். 2020 டிசம்பரில் புரூஃப் பிரிவு அக்கா வந்து கேட்டபோது இதைத்தான் சொன்னேன். பொய் இல்லை. கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து விழுந்திருந்தது, செய்தியைப் பாதியாக்க வேண்டியிருந்தது.

மக்கள் நீதி மய்யம் காஞ்சிபுரத்தில் ஏழு அம்சத் திட்டத்தை அறிவித்த நாள் அது. இல்லத்தரசிகள் வீட்டில் செய்யும் வேலைக்கு ஊதியம் என்பது நிருபர் எழுதிக் கொடுத்த செய்தியில் ஆறாவது பாராவாக இருந்தது. கீழிருந்து வெட்டுவதுதான் செய்தியைத் திருத்தும் எங்கள் டெஸ்க் வழக்கம். அது போயிற்று.

முதல் புரூஃபில் படித்ததை இரண்டாவதில் காணாமல், அக்கா இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். முதல் தாளில் ‘ஊதியம்’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. திருத்தக் குறி எதுவும் இல்லை, வெறும் கோடு.

“இதை ஏன் தம்பி எடுத்தீங்க?”

“இடம் இல்லக்கா.”

“மேடையில யார் யாரு இருந்தாங்கன்னு நாலு வரி அப்படியே இருக்கே.”

“எவ்வளவு தருவாங்கன்னே அதுல இல்லக்கா. ஓட்டுக்காகச் சொல்றது.”

“உதவின்னு போடல தம்பி. ஊதியம்னு போட்டிருக்கு.”

அவ்வளவுதான். தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து மூன்று பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு, மாலை ஷிப்டுக்கு வருகிறவர். அது எனக்குத் தெரியாததில்லை.

அந்த நாலு வரியை எடுத்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

2018 பிப்ரவரி 21 அன்று மதுரையில் கமல்ஹாசன் கட்சி தொடங்கியபோதும் நான் டெஸ்க்கில்தான் இருந்தேன். காலையில் ராமேஸ்வரத்தில் கலாம் வீடு, மாலையில் ஒத்தக்கடை மைதானம், மேடையில் கெஜ்ரிவால். கொடியில் கோத்த ஆறு கைகள், நடுவில் நட்சத்திரம். ‘மய்யம்’ என்பதை நான் ‘மையம்’ என்று திருத்த, கட்சிப் பெயரை மாற்ற நமக்கு உரிமை இல்லை என்று திரும்ப மாற்ற வைத்தவரும் இதே அக்காதான். இடதும் இல்லை, வலதும் இல்லை, நடுவில் நிற்கிறோம் என்றார்கள். அப்படியானால் கொள்கை என்ன என்று அன்று முதல் எல்லோரும் கேட்டோம். நியாயமான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன். நடு என்பது நிற்கிற இடம், செய்யப்போவதைச் சொல்லாது. ஆனால் கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழித்து, செய்யப்போவது இது என்று ஒன்றைச் சொன்னபோது, அதை வெட்டியது நான்.

என் ஒரு பாராவால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் சொல்லிக்கொள்கிறேன். விஷயம் வேறு வழியில் வெளியே வந்துவிட்டது, ஜனவரியில் காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் வரைக்கும் ஆதரித்துப் பேசினார். 2021 மார்ச்சில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது தி.மு.க., மறுநாளே 1,500 என்றது அ.தி.மு.க. இரண்டையும் முதல் பக்கத்தில் வைத்தோம், தொகை இருந்ததே! கமல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். தோற்ற கட்சி, நம் கணிப்பு சரிதான் என்று அப்போது ஒரு நிம்மதி வந்தது உண்மை. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது சங்கடமாக இருக்கிறது.

2023 செப்டம்பர் 15 அன்று, அதே காஞ்சிபுரத்தில், மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள். அக்கா அதற்குள் வேலையை விட்டு நின்றிருந்தார். போன் செய்தேன். அந்த ராத்திரியைப் பற்றிப் பேசத்தான் செய்தேன், ஆனால் பணம் வந்ததா என்றுதான் வாயில் வந்தது.

“வந்துச்சு தம்பி” என்றார். “உரிமைன்னு போட்டிருக்காங்க. நல்ல வார்த்தைதான்.”

அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.